பின்னால் நின்றவன்

"அக்கா, என்னைய அடிச்சது யாருங்க?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நாச்சிமுத்து கேட்ட முதல் கேள்வி இதுதான். ஆட்டோவை விட்டு இன்னும் முழுசாக இறங்கக்கூட இல்லை. முட்டிக்குக் கீழே மாவுக்கட்டு. கொலுசு போட்டு அழகு பார்க்க நீட்டின மாதிரி பாதம் கீழ்நோக்கி நீண்டிருந்தது.

பவளாக்கா அந்தப் பாதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு பக்கத்தில் நின்றவர்களிடம், "நாச்சிமுத்து அண்ணனோட கட்டிலை மாடியில இருந்து இறக்குங்க. கோடி அறையில போடுங்க" என்றாள்.

கோடி அறைக்கு அடுத்தது ராக்கியப்பனின் அறை. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்.

"அங்க வேண்டாங்க அக்கா. அவன் பக்கத்துல நான் இருக்க மாட்டேன்."

"அங்கதானுங்கண்ணா படி இல்ல" என்றாள் அக்கா.

அதோடு பேச்சு முடிந்தது.

பவானி ஆற்றங்கரையில் அந்தத் தியானக் குடிலில் ஒன்பது பேர் இருந்தார்கள். பவளாக்கா நாச்சிமுத்துவைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். ஆனாலும் அவள் எல்லாருக்கும் அக்கா. அவனை அவள் அண்ணா என்பாள், அவளை அவன் அக்கா என்பான். யாருக்கும் அது வேடிக்கையாகப் படவில்லை.

கேள்வியோடு வருகிறவர்களுக்கு அவள் பெரும்பாலும் வேலைதான் கொடுப்பாள். சாயங்காலமானால் எல்லாரையும் பூப்பந்து ஆட அனுப்புவாள். கண்ணை மூடி உட்கார்ந்தே இருந்தால் உடம்பு துருப்பிடித்துப் போகும் என்பாள்.

அப்படி ஆடப்போன சாயங்காலத்தில்தான் அது நடந்தது.

நாச்சிமுத்து நடுவில் நின்றான். ராக்கியப்பன் அவனுக்குப் பின்னால். எப்போதும் அப்படித்தான். மஞ்சள் பந்து தலைக்கு மேலே போனது. நாச்சிமுத்து அதை எட்ட, இடது காலை ஊன்றி ஒரு எம்பு எம்பினான்.

டப்பென்று ஒரு சத்தம். குதிகாலுக்கு மேலே மட்டையால் ஓங்கி அடித்த மாதிரி ஓர் அடி.

விழுந்தவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் ராக்கியப்பன் மட்டும்தான் மட்டையோடு நின்றான்.

"ஏண்டா அடிச்சே?"

"நான் எங்கடா அடிச்சேன். நாலு எட்டு தள்ளியில்ல நிக்கறேன்."

பார்த்தவர்கள் எல்லாரும் ராக்கியப்பன் அசையவே இல்லை என்றார்கள். நாச்சிமுத்து கேட்கவில்லை. பார்த்தவர்களுக்கு என்ன தெரியும், அடி வாங்கியது அவன் கால் அல்லவா.

வலியிலும் கோபத்திலும் அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிட்டது.

"கூடப் பொறந்த தம்பியே உன்னைய வீட்டை விட்டுத் துரத்துனான்னா, சும்மாவா துரத்தியிருப்பான்?"

அந்த விசயம் அதுவரைக்கும் நாச்சிமுத்து ஒருவனுக்குத்தான் தெரியும். முப்பது வருசத்துக்கு முன்னால் மில்லில் சேர்ந்த நாளிலிருந்து இருவரும் கூட்டாளிகள். மில்லை மூடினார்கள். ஒருவனுக்குப் பெண்டாட்டி செத்தாள், ஒருவனுக்கு வீடு போனது. இரண்டு பேரும் ஒரே பையில் துணியைத் திணித்துக்கொண்டு இந்தக் குடிலுக்கு வந்தார்கள். தம்பி துரத்திய கதையை ராக்கியப்பன் வரும் வழியில் பஸ்ஸில் சொன்னான். சொல்லிவிட்டு, யாருக்கும் சொல்லாதே என்றும் சொன்னான்.

ராக்கியப்பன் மட்டையைக் கீழே வைத்தான். எறியவில்லை. தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துகிற மாதிரி மெல்ல வைத்துவிட்டுப் போனான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நாச்சிமுத்துவைக் குப்புறப் படுக்க வைத்து, கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார். நல்ல காலில் பாதம் அசைந்தது. மற்றதில் செத்த மீன் மாதிரி கிடந்தது. குதிகால் நரம்பு சுத்தமாக அறுந்துவிட்டது என்றார்.

அறுத்துத் தைக்கலாம், இல்லை தைக்காமலும் விடலாம். பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டினால் அறுந்த இரண்டு முனையும் பக்கத்தில் வரும், அதுகளே கூடிக்கொள்ளும் என்றார். நாச்சிமுத்துவுக்குச் சர்க்கரை இருந்தது. கத்தி வேண்டாம் என்றான்.

"அப்ப ஒண்ணு நல்லாக் கேட்டுக்குங்க. புதுசா வளர்றது முதல்ல கோந்து மாதிரிதான் இருக்கும். அவசரப்பட்டு இழுத்தா நீண்டுக்கும். நீண்டது மறுபடி சுருங்காது."

நாச்சிமுத்து அதைக் கேட்டுக்கொண்டான். ஆனால் அவன் மனசெல்லாம் மட்டையில் இருந்தது.

கோடி அறையில் ஒரு ஜன்னல். அதில் ஆறு தெரியாது, ஆற்றுக்குப் போகிற தடம்தான் தெரியும். காலையில் எல்லாரும் அதில் போவார்கள், திரும்பி வருவார்கள். போகும்போது இரண்டு வார்த்தை கேட்பார்கள். ஒரு வாரம் கழித்து அதுவும் குறைந்தது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. படுத்தே கிடப்பவனிடம் தினமும் என்னத்தைக் கேட்பது.

சாயங்காலத்தில் பந்துச் சத்தம் வரும். டொக், டொக். அவன் போர்வையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொள்வான்.

மற்றபடி சுவர்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் ராக்கியப்பன் செருமுவது கேட்கும். சொம்பை வைப்பது கேட்கும். மத்தியானச் சோறு ஆனதும் மூன்று தும்மல் கேட்கும். ராக்கியப்பன் மூக்குப்பொடி போடுகிறவன். குடிலில் பொடி கூடாது. அவன் ஒளித்துப் போடுவது எல்லாருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்கள்.

பிள்ளைகள் தும்மினால் நூறு வயசு இருக்கட்டும் என்று 'நூறு' சொல்வார்கள் அல்லவா. நாச்சிமுத்து மில் காலத்திலிருந்தே ராக்கியப்பனுக்கு அப்படிச் சொல்வான். நூறு. இருநூறு. முந்நூறு. அப்புறம், "அத்தனை வருசம் உன்னைய எவன்டா பார்த்துக்குவான்" என்பான். "நீதான்" என்று மூக்கைத் துடைப்பான் ராக்கியப்பன்.

இப்போது மூன்று தும்மலும் சும்மா வந்து சும்மா போயின. நாச்சிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

இரண்டு வாரத்தில் மாவுக்கட்டைப் பிரித்து, பெரிய பூட்ஸ் ஒன்றைப் போட்டார்கள். குதிகாலுக்கு அடியில் நாலு ரப்பர் கட்டை. இரண்டு வாரத்துக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். ஒவ்வொன்று எடுக்கும்போதும் பாதம் கொஞ்சம் தரைக்கு வரும்.

ஆறாவது வாரம் இரண்டாவது கட்டையை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனான். வரிசையில் பக்கத்தில் ஒரு டீச்சர் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் அதே பூட்ஸ். எப்படி ஆனது என்று கேட்டான்.

"பரண்ல இருந்து சாமான் எடுக்க எம்புனேனுங்க. யாரோ பின்னால இருந்து உதைச்ச மாதிரி இருந்துச்சு. எவடீ அதுன்னு திரும்புனேன். பார்த்தா சுவருங்க. வீட்டுல ஒரு ஆளு இல்ல."

இந்த நரம்பு அறுந்தால் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்குமாம், டாக்டர் சொன்னார் என்று அவள் சிரித்தாள்.

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை.

குடிலுக்கு வந்ததும் அவனால் உட்கார முடியவில்லை. பூட்ஸோடு ஊன்றி நடக்க நேரமாகும் என்று அதைக் கழற்றி எறிந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு நொண்டி நொண்டி அடுத்த அறை வாசலுக்குப் போனான்.

ராக்கியப்பன் கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தான்.

"டேய் ராக்கியா. நீ அடிக்கலடா. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது."

ராக்கியப்பன் நிமிரவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றான்.

இன்னொரு காயைக் கிள்ளிப் போட்டான்.

"அதைச் சொல்லத்தான் வந்தியா?"

நாச்சிமுத்து, மன்னிச்சேன்னு சொல்லுடா, இப்பவே சொல்லுடா என்று ராக்கியப்பனின் கையைப் பிடித்து இழுத்தான். ராக்கியப்பன் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தான். பாயைச் சுருட்டினான். தோட்டத்து மோட்டார் அறைக்குப் போய்விட்டான்.

அன்று சாயங்காலமே குதிகால் வீங்கிக்கொண்டது.

பவளாக்கா வந்து பார்த்தாள். திட்டவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, காலையில் எடுத்த ரப்பர் கட்டையைத் தேடி எடுத்து, பூட்ஸுக்குள் திருப்பி வைத்தாள்.

"என்னைய யாரும் அடிக்கலீங்க அக்கா" என்றான் நாச்சிமுத்து.

"சரிங்கண்ணா."

வாரை இறுக்கினாள்.

"நீங்க அடிச்சது?"

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

சுவர் செத்துப்போனது. செருமல் இல்லை, சொம்புச் சத்தம் இல்லை. மத்தியானச் சோறு ஆனதும் நாச்சிமுத்து காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பான். ஒன்றும் வராது. ஆள் இருந்து பேசாமல் இருப்பது வேறு, ஆளே இல்லாமல் இருப்பது வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. பல்லி சத்தமிட்டால்கூட ஒரு துணை மாதிரி இருந்தது.

சோறு கொண்டுவந்தவர் ஒருநாள் சொன்னார். கார்த்திகை பிறந்ததும் ராக்கியப்பன் போகப் போகிறானாம். கரூர்ப் பக்கம் வேறொரு மடத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறானாம்.

கார்த்திகைக்கு ஆறு வாரம்கூட இல்லை.

நாச்சிமுத்து அக்காவைக் கூப்பிட்டனுப்பினான். அவள் வந்ததும், ராக்கியப்பனைக் கூட்டி வந்து இரண்டு பேரையும் எதிர் எதிரே உட்கார வைத்து, நாலு வார்த்தை சொல்லிச் சேர்த்து வைக்கும்படி கேட்டான். அவள் சொன்னால் அவன் தட்டமாட்டான் என்றான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"குப்புறப் படுங்கண்ணா" என்றாள்.

படுத்தான். பூட்ஸைக் கழற்றி, கெண்டைக்காலை இரண்டு விரலால் அமுக்கினாள்.

பாதம் அசைந்தது. கொஞ்சமாக. வயிற்றுப் பிள்ளை முதன்முதலாக அசைகிற மாதிரி, நிஜமா பொய்யா என்று தெரியாத அளவுக்கு.

"யாருங்கண்ணா தைச்சது?"

அவள் பூட்ஸை மறுபடி மாட்டிவிட்டுப் போனாள்.

அதன்பிறகு அவன் யாரையும் கூப்பிட்டு விடவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. நாலு நாள் விடாத மழை. மோட்டார் அறைக் கூரை ஒழுகியது. ஐந்தாம் நாள் மத்தியானம், நாச்சிமுத்து கையில் சோற்றுத் தட்டோடு இருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் பாய் விரிக்கிற சத்தம் கேட்டது.

கையில் எடுத்த கவளம் கையிலேயே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு தும்மல்.

"நூறு" என்றான் நாச்சிமுத்து. யோசித்துச் சொல்லவில்லை. பழகிய வாய்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இரண்டாவது தும்மலை ராக்கியப்பன் மூக்கைப் பிடித்து அடக்கிவிட்டான் போல.

மறுநாளும் மழை. மறுநாளும் நூறு. இருநூறு வரவில்லை.

மூன்றாம் நாள் நாச்சிமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான்.

"ராக்கியா. உன் தம்பி விசயத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. பஸ்ஸுல நீ எங்கிட்ட சொன்னது அது. அதை எடுத்து உன்னையவே அடிச்சுட்டேன்."

மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. கேட்டால் இழுத்த மாதிரி ஆகும். சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

சுவர் பேசவில்லை. ஆனால் பாய் சுருட்டுகிற சத்தமும் வரவில்லை. அவன் வெகுநேரம் அதற்காகவே காத்துக் கிடந்தான்.

மழை விட்டது. மோட்டார் அறைக் கூரையையும் வேய்ந்துவிட்டார்கள் என்று சோறு கொண்டுவந்தவர் சொன்னார். அன்று மத்தியானம் நாச்சிமுத்து சாப்பிடவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தான்.

தும்மல் வந்தது. மூன்று.

"நூறு. இருநூறு. முந்நூறு" என்றான். அதற்கு மேல் சொல்லத் தைரியம் வரவில்லை.

கடைசிக் கட்டையை எடுத்த அன்று கார்த்திகை முதல் தேதி. பாதம் முழுசாகத் தரையில் இருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு தரையின் குளிர்ச்சி குதிகாலில் பட்டது. இனி சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலாலும் எம்பிப் பழக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெல்ல. எண்ணி.

அறையில் நாலு சுவர் இருந்தது. நாச்சிமுத்து அந்த ஒரு சுவருக்குத்தான் போனான்.

அந்தப் பக்கம் ஒரு பெட்டியை இழுக்கிற சத்தம். துணி மடிக்கிறான்.

நாச்சிமுத்து இரண்டு உள்ளங்கையையும் சுவரில் பதித்தான். எம்பினான். குதிகால் ஒரு விரற்கடை எழும்பியது, நடுங்கியது, தொப்பென்று இறங்கியது.

இன்னொன்று. தொப்.

இன்னொன்று. தொப்.

துணி மடிக்கிற சத்தம் நின்றிருந்தது.

"எத்தனை?" என்றது சுவர்.

நாச்சிமுத்துவுக்குப் பழைய புத்தி போகவில்லை. பூப்பந்திலும் அவன் எப்போதும் ஒரு புள்ளி கூட்டித்தான் சொல்வான்.

"நாலு."

"பொய். மூணுதான் கேட்டுச்சு."

நாச்சிமுத்து நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டான்.

"அப்ப நீயே எண்ணு."

எம்பினான். இறங்கினான்.

அந்தப் பக்கம் பெட்டி மூடுகிற சத்தம் வருமோ என்று அவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

"நாலு" என்றான் ராக்கியப்பன்.