கரடி எடுத்த பெரிய துப்பாக்கி

நாவல்குளத்தில் தண்ணீர் குடிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. உருவத்தில் பெரியவர் முதலில் குடிப்பார். சிறியவர்கள் கடைசியில் குடிப்பார்கள். யானைகள் எல்லாம் கோடைக்கு ஆற்றுப்பக்கம் போய்விட்டதால், இப்போது அங்கே பெரியவன் கடம்பன் என்ற கரடிதான்.

கடம்பனுக்கு அதில் தாங்க முடியாத பெருமை. காலையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவான். வயிறு முட்டக் குடிப்பான். "ம்ம்!" என்று ஓர் உறுமல் விடுவான். அதற்குப் பிறகுதான் காட்டுப்பன்றி தண்ணீரில் வாய் வைக்க முடியும். முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் கலங்கல்தான் மிஞ்சும்.

பெரியவன் என்பதால் குளத்துக் காவலும் அவனிடமே இருந்தது. கண் மட்டும் கொஞ்சம் மங்கல். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. யாருக்கும் கேட்கத் துணிச்சலும் வந்ததில்லை.

அந்தக் கோடையில் பம்மன் என்ற நரி குளத்தில் ருசி கண்டுவிட்டான். முயலின் குட்டியைத் தூக்கினான். காட்டுக்கோழியின் குஞ்சைத் தூக்கினான். கடம்பன் துரத்துவான். பம்மன் புதரைச் சுற்றிச் சுற்றி ஓட்டம் காட்டுவான். கடம்பன் மூச்சு வாங்கி உட்கார்ந்ததும், எட்ட நின்றுகொண்டு, "என்ன காவல்காரரே, களைச்சுட்டீங்களா? தண்ணி வேணும்னா நீங்கதானே முதல்ல குடிக்கணும்!" என்பான்.

ஒருநாள் செம்பி என்ற காட்டுக்கோழி கடம்பன் முன்னால் வந்து நின்றாள். தன் குஞ்சுகளைப் போல அழகான குஞ்சுகள் அந்த மலையிலேயே இல்லை என்பது செம்பியின் எண்ணம். அவற்றில் நாலுதான் இப்போது மிச்சம் இருந்தன.

"அண்ணே, அழ வரலை. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். இன்னும் ஒரு குஞ்சு போச்சுன்னா, சின்ன உயிருங்க எல்லாரும் இந்தக் குளத்தை விட்டே போயிடறோம். அப்புறம் நீங்களே குளம், நீங்களே காவல்!"

"போவியா? அடுத்த தண்ணி மலைக்கு அந்தப் பக்கம்ல இருக்கு! இந்த வெயில்ல உன் குஞ்சுங்க அவ்வளவு தூரம் நடக்குமா?"

"நடக்காது. வழியிலயே சுருண்டு விழும். ஆனா நரி வாயில தொங்கறதை நான் இனிமே பார்க்க மாட்டேன்!"

கடம்பன் குளத்தைத் திரும்பிப் பார்த்தான். குடிக்க ஆளில்லாத குளத்துக்கு யார் காவல் இருந்தால் என்ன? வரிசையில் பின்னால் நிற்க யாருமே இல்லை என்றால், முதலில் நிற்பதில் என்ன பெருமை? அன்றைக்கு அவனுக்குத் தேன்கூட இனிக்கவில்லை.

அப்போது குளக்கரை நாவல் மரக்கிளையிலிருந்து அல்லி என்ற மந்தி எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தன் கண்களைப் பற்றித்தான் பெருமை. அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டே உச்சியில் எந்த அத்தி பழுத்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

"கால்ல ஓடி நரியைப் பிடிக்க முடியாது அண்ணே! துப்பாக்கி எடுங்க!"

"துப்பாக்கியா? அது எங்கே இருக்கு?"

"வேட்டைக்காரங்க விட்டுட்டுப் போன பங்களாவில! அலமாரியில சாத்தி வைச்சிருக்கு. ஓட்டு மேல உட்கார்ந்து அவங்க சுடறதை எல்லாம் பார்த்தவ நான். எனக்குத் தெரியாதது என்ன இருக்கு!"

இருவரும் பங்களாவுக்குப் போனார்கள். அல்லி ஓட்டைப் பிரித்து உள்ளே குதித்துக் கதவைத் திறந்துவிட்டாள். அலமாரியில் குண்டு போட்டபடியே மூன்று துப்பாக்கிகள் சாய்ந்திருந்தன.

முதலாவது இரட்டைக் குழல் துப்பாக்கி. மூங்கில் போலத் தடித்த குழல்கள், உலக்கை போலக் கனத்த கட்டை. இரண்டாவது நடுத்தரம். மூன்றாவது ஒல்லியாக, ஒட்டடைக்குச்சி போல ஓர் ஓரத்தில் நின்றது.

"பெரிசு காட்டெருமைக்கு," என்றாள் அல்லி. "நடுவில இருக்கறது பறவை சுடறது. ஒரு பிடி குண்டு சிதறிப் போகும். நரி எது, குஞ்சு எதுன்னு அதுக்குத் தெரியாது. நரிக்கு இந்த ஒல்லிதான் சரி. சின்னக் குண்டு, நேராப் போகும். தோளை உதைக்காது. வைச்ச குறியைத் தவிர வேற எதையும் கெடுக்காது."

கடம்பன் ஒல்லித் துப்பாக்கியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"இதுவா? நானா? இதைத் தூக்கிட்டு நடந்தா முயல்கூட சிரிக்கும்! பெரியவன் கையில பெரிசுதான் இருக்கணும்!"

"சுடப்போறது உங்களையா அண்ணே? நரியைத்தானே! அவன் உருவத்தைப் பாருங்க. அவனுக்குப் பின்னால என்ன இருக்குன்னும் பாருங்க. வேட்டைக்காரங்க அதைப் பார்க்காம சுடவே மாட்டாங்க."

"எனக்கே புத்தி சொல்றியா? வேணும்னா அந்தக் குச்சியை நீயே வைச்சுக்கோ!" என்று சொல்லிவிட்டு, கடம்பன் இரட்டைக் குழலைத் தோளில் சாத்திக்கொண்டான்.

அல்லி ஒல்லித் துப்பாக்கியைத் துடைத்து எடுத்துக்கொண்டாள். தன் நாவல் மரத்துக்கு அதைக் கொண்டுபோனாள்.

கடம்பன் குளக்கரைக்குத் துப்பாக்கியோடு வந்த வரவைப் பார்க்க வேண்டுமே! கரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். மறுபடியும் நடந்தான். "யப்பா! எவ்வளவு பெரிசு!" என்று காட்டுப்பன்றி வாயைப் பிளந்தது. முள்ளம்பன்றி வழி விட்டு ஒதுங்கி நின்றது. கடம்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் மத்தியானம் பம்மன் வந்தான். கரைச் சரிவில் மெல்லப் பதுங்கி நடந்தான். கடம்பன் கரைக்கு வெளியே, கள்ளிப் புதருக்கு முன்னால் நின்றிருந்தான். அவன் கண்ணுக்குச் சரிவில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. அது போதாதா?

"இதோ பார்டா காவல்!" என்று கத்தி, விசையை அழுத்தினான்.

டமார்!

மலை அதிர்ந்தது. துப்பாக்கி உதைத்த உதையில் கடம்பன் அந்தரத்தில் பறந்து, கள்ளிப் புதருக்குள் உட்கார்ந்தான். எந்தப் பக்கம் முதலில் உட்கார்ந்தான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குண்டு நரியைத் தொடவில்லை. அவன் வயிற்றுக்குக் கீழே கரைக்குள் புகுந்தது. அந்த இடம் முழுக்க நண்டு வளை. பொத்துக்கொண்டு ஒரு பக்கத்து மண் சரிந்தது. குளத்துத் தண்ணீர் குபுகுபுவென்று வெளியே கொட்டத் தொடங்கியது.

பம்மன் முதலில் நடுங்கித்தான் போனான். பிறகு திரும்பிப் பார்த்தான். விழுந்து விழுந்து சிரித்தான். "நரியைச் சுடச் சொன்னா குளத்தைச் சுட்டுட்டியே!" என்று சொல்லிக்கொண்டே ஓடினான்.

"ஐயோ, தண்ணி! தண்ணி போகுது!" என்று செம்பி அலறினாள். அந்தத் தண்ணீர் போனால் மழை வரும்வரை யாருக்கும் ஒரு சொட்டு கிடையாது. பெரியவருக்கும் இல்லை, சிறியவருக்கும் இல்லை.

கடம்பன் முள்ளோடு எழுந்து ஓடினான். துப்பாக்கியை எறிந்தான். உடைப்பைப் பார்த்தான். கையால் அடைத்தான், நிற்கவில்லை. அப்புறம் யோசிக்கவே இல்லை. திரும்பி, தன் பெரிய முதுகை உடைப்புக்குள் திணித்து அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

தண்ணீர் நின்றது!

"ஓடுங்க! களிமண் கொண்டு வாங்க!" என்று கடம்பன் கத்தினான். "நான் நகர மாட்டேன்! நீங்க அடைச்சு முடிக்கற வரைக்கும் இந்த உடம்பு இங்கேயே இருக்கும்!"

எல்லோரும் வறண்டு கிடந்த ஓடைப்பக்கம் ஓடினார்கள். பன்றி தோண்டியது. முள்ளம்பன்றி உருட்டியது. செம்பியும் மண் கொத்தப் போனாள். போகும் முன் தன் நாலு குஞ்சுகளையும் கடம்பன் மடியில் விட்டாள்.

"பார்த்துக்கங்க அண்ணே!"

"இப்பவுமா என்னை நம்பறே?"

"நகர மாட்டேன்னு சொன்னீங்களே. அதை நம்பறேன்."

கடம்பன் குஞ்சுகளை மடியில் அணைத்துக்கொண்டான். துப்பாக்கியோடு நடந்தபோது வந்த பெருமை வேறு. இப்போது, முதுகில் குளமும் மடியில் குஞ்சும் தாங்கி உட்கார்ந்திருக்கும்போது வந்த பெருமை வேறு. இது உள்ளே போய் இறங்கியது.

கரை காலியாகிவிட்டதைப் பம்மன் பார்த்துவிட்டான். நிதானமாக வந்தான். கடம்பன் கைக்கு எட்டாத தூரத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான்.

"என்ன காவல்காரரே, எந்திரிக்கலையா? எந்திரிச்சா குளம் போகும். எந்திரிக்காட்டி குஞ்சு போகும். எது வேணும்? நீங்க பெரியவரு, நீங்களே சொல்லுங்க!"

கடம்பன் கையை வீசினான். எட்டவில்லை. கொஞ்சம் முன்னால் சாய்ந்தான். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் கசிந்தது. சட்டென்று மறுபடி சாய்ந்துகொண்டான். குஞ்சுகளை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். பம்மன் பக்கவாட்டில் வந்து, அவன் விலாவுக்கு அருகே மூக்கை நீட்டினான்.

அப்போது நாவல் மரத்து உச்சியில் ஓர் இலை அசைந்தது. கடம்பனுக்கு அது தெரியவில்லை. ஆனால் அங்கே யார் இருப்பார்கள் என்று தெரியும்.

"அல்லி! அங்க இருக்கியா?"

"இருக்கேன் அண்ணே! நீங்க சொல்லட்டும்னுதான் காத்திருக்கேன்!"

"என் கண்ணு மங்கல் அல்லி. உன் கண்ணுதான் கண்ணு! சுடு!"

காட்டில் யாரும் கடம்பன் வாயிலிருந்து கேட்காத வார்த்தை அது. பம்மன்கூடத் திகைத்து நிமிர்ந்து, குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடினான்.

"அவனுக்கும் உங்களுக்கும் நடுவில ஒரு சாண்தான் இருக்கு அண்ணே! அசையாதீங்க!"

"மலை மாதிரி இருப்பேன்! ஆனா அந்தப் பெரிய துப்பாக்கியை மட்டும் எடுத்துடாதே, தாயே!"

டப்!

காய்ந்த புளியங்காய் வெடித்த அளவுதான் சத்தம். பம்மன் நிமிர்ந்த தலையோடு சாய்ந்தான். மறுபடி எழவில்லை. கடம்பன் உடம்பில் ஒரு மயிர் உதிரவில்லை. மடியில் ஒரு குஞ்சு கண் விழித்து, "கீச்?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கியது.

பொழுது சாய்வதற்குள் உடைப்பை அடைத்துவிட்டார்கள். மண் நிற்பதற்குக் குறுக்கே ஒரு கட்டை வேண்டியிருந்தது. உள்பக்கம் அடைத்து முடித்ததும் கடம்பனே எழுந்து போய் இரட்டைக் குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். அதன் மேல் களிமண்ணைப் போட்டு எல்லோருமாக மிதித்தார்கள். அதன் கனம் இதற்காவது உபயோகப்பட்டது.

செய்தி காடு முழுக்கப் பரவியது. குளத்துப் பக்கம் கண் வைத்திருந்த மரநாயும் காட்டுப்பூனையும் வேறு பக்கம் பிழைக்கப் போய்விட்டன. ஒல்லித் துப்பாக்கி நாவல் மரத்தில் தொங்கியது. அல்லி அதைத் தினமும் துடைத்து, ஊருக்கெல்லாம் காட்டினாள்.

மறுநாள் காலையில் கடம்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். எல்லோரும் வழக்கம்போல விலகி வழி விட்டார்கள். அவன் குடிக்கவில்லை. திரும்பிப் பார்த்தான்.

"செம்பி! குஞ்சுங்களைக் கூட்டிட்டு வா. கலங்கறதுக்கு முன்னால அதுங்க குடிக்கட்டும்!"

"வரிசை என்ன ஆகும் அண்ணே?"

"வரிசை குஞ்சுங்ககிட்ட இருந்து ஆரம்பம்! இன்னிக்கு நான் கடைசியில நிக்கறேன்!"

நாலு குஞ்சுகளும் தெளிந்த தண்ணீரில் அலகு வைத்துக் குடித்தன. செம்பி கழுத்தை நீட்டி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். கடம்பன் முதுகில் முள் இன்னும் உறுத்தியது. இருந்தாலும் அந்தக் காட்டில் அன்றைக்கு அவன் அளவுக்கு நிமிர்ந்து நின்றவர் யாருமில்லை.

கருவியை எடுப்பவர் தம்முடைய பெருமையை அளந்து எடுக்கக்கூடாது, செய்ய வேண்டிய வேலையை அளந்தே எடுக்க வேண்டும்.