ஒருவருக்கு வைத்த உலை

பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் சமைத்த சௌரிராஜன், தனக்கு ஒரு வேளைச் சாப்பாடு சமைக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று திலகவதி டீச்சர் வீட்டுக்கு வந்து நின்றார்.

டீச்சருக்கு அவரைவிட இருபது வயதாவது குறைவு. பள்ளிக்கூடத்தில் மனையியல் சொல்லிக்கொடுத்தவள். அந்த வேலையை விட்ட பிறகு, தனியாக இருப்பவர்களுக்கும் டாக்டர் பத்தியம் சொல்லி அனுப்பியவர்களுக்கும் வீட்டின் பின்கட்டில் சமையல் சொல்லிக்கொடுத்து வந்தாள்.

"உள்ள வாங்க சாமி. என்னென்ன சமைக்கத் தெரியும்?"

"ஆயிரம் பேருக்குப் புளியோதரை பண்ணுவேன். ஐந்நூறு பேருக்குச் சக்கரைப் பொங்கல். உற்சவம்னா அக்காரவடிசல்."

"ஒருத்தருக்கு?"

அவர் கட்டுப் போட்டிருந்த தன் வலது காலைப் பார்த்தார்.

"ஒருத்தருக்குன்னா எந்தப் பாத்திரத்துல உலை வைக்கறதுன்னே தெரியலை," என்றார்.

மனைவி இருந்தவரை அவள் சமைத்தாள். அவள் போன பிறகு வீட்டு அடுப்பை அவர் பற்ற வைக்கவே இல்லை. கோயிலிலிருந்து தூக்கில் பிரசாதம் வந்துவிடும். காலையில் பொங்கல், மத்தியானம் புளியோதரை, ராத்திரி நெய் சொட்டும் தோசை. சர்க்கரையும் பிரஷரும் எப்போது உடம்பில் ஏறின என்று அவருக்குத் தெரியாது. காலில் தெறித்த ஒரு கங்கு புண்ணாகி, ஆறாமல் நின்றபோதுதான் தெரிந்தது. ரத்தம் கசிகிற உடம்போடு மடைப்பள்ளிக்குள் போகக்கூடாது. யாரும் அவரை வெளியே போகச் சொல்லவில்லை. அவரே வெளியே வந்து, கரண்டியைப் பத்ரியிடம் கொடுத்தார். பத்ரி அவருக்கு அடுத்து நின்று சமைத்தவன்.

"இந்தச் சாப்பாட்டை நிறுத்தினாத்தான் புண் ஆறும்னு டாக்டர் சொல்லிட்டார். ஆறிடுத்துன்னா நான் மறுபடி உள்ள போயிடுவேன்."

"போயி?"

"பெருமாளுக்குத் தளிகை பண்ணணும்."

"அதான் பத்ரி பண்றாரே."

அவர் பதில் சொல்லவில்லை. டீச்சரும் விட்டுவிட்டாள். உள்ளே போய் உள்ளங்கை அகலத்தில் ஒரு பாத்திரம் எடுத்து வந்தாள்.

"இதுல கொஞ்சம் சாமை, கொஞ்சம் பாசிப்பருப்பு. கூட ஒரு கீரை, மோர். போதும். பண்ணி நீங்க சாப்பிடுங்க. எனக்கும் ஒரு கரண்டி கொண்டாங்க."

சௌரிராஜன் பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல நாங்க தீர்த்தம் வைப்போம்," என்றார்.

மறுநாள் கொண்டுவந்தார். டீச்சர் ஒரு வாய் போட்டாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"சாமி, இதையா சாப்பிட்டீங்க?"

"ஆமா."

"முழுசா?"

"மிச்சம் வைக்கலாமா?"

"உப்பு கரிக்கலை?"

"பெருமாளுக்குக் காட்டினேனே. காட்டிட்டா அது பிரசாதம். பிரசாதத்துக்குக் குத்தம் சொல்லக்கூடாது."

"சரி. காட்டறதுக்கு முன்னாடி நாக்குல ஒரு துளி வச்சுப் பாக்கலையா?"

அவர் முகம் மாறிவிட்டது.

"அவர் அமுது பண்றதுக்கு முன்னாடி நான் எப்படிப் பாக்கறது? மணம்கூட ஏறக்கூடாது டீச்சர். வாயையும் மூக்கையும் சேர்த்துத் துணியால கட்டிண்டுதான் அடுப்புகிட்டயே போவோம்."

"அப்ப உப்பு சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்?"

"கை சொல்லும். இந்த அண்டாவுக்கு இத்தனை பிடின்னு கைக்குத் தெரியும்."

"இதுக்குக் கை என்ன சொல்லிச்சு?"

அவர் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"ஒரு பிடிக்குக் கம்மியா அது எப்பவும் சொன்னதில்லை," என்றார்.

டீச்சர் சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது.

"பெருமாளுக்கு பிரஷர் கிடையாது சாமி. உங்களுக்கு இருக்கு."

அவர் தினமும் வந்தார். கை மெல்லத்தான் சிறுத்தது. முதலில் பிடி, பிறகு மூன்று விரல், பிறகு சிட்டிகை. ஒரு புடலங்காயைப் பாதியாக நறுக்கி மீதியை நாளைக்கு வைக்கலாம் என்பது அவருக்குப் புதிதாக இருந்தது. நெய்யைக் கரண்டியால் எடுக்கப் போய்க் கையை இழுத்துக்கொள்வார். சாமை பொங்கி வழிந்த நாட்களில் தெரு நாய்கள் நன்றாகச் சாப்பிட்டன. புண்ணின் ஓரம் காயத் தொடங்கியது.

ஒன்று மட்டும் நகரவில்லை.

"இன்னைக்கு எப்படி இருந்துச்சு சாமி?"

"பிரசாதம்."

"அது தெரியும். எப்படி இருந்துச்சு?"

"பிரசாதம், டீச்சர்."

"உங்களுக்கு என்னதான் பிடிக்கும்?"

"எது மிஞ்சறதோ அது."

"உங்களை ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போனா சர்வர் அழுதுடுவான்," என்றாள் டீச்சர்.

சாயங்காலங்களில் அவர் கோயிலுக்குப் போவார். மடைப்பள்ளி வாசலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு தூண் உண்டு. அங்கே நிற்பார். கூரையின் ஓட்டை வழியாகப் புகை போகும். புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே எந்த அடுப்பில் என்ன ஏறியிருக்கிறது என்று அவரால் சொல்ல முடியும். யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் பத்ரி முகத்துத் துணியை அவிழ்த்தபடி வெளியே வந்தான். அவனுக்கே நாற்பது வயதைத் தாண்டிவிட்டது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான்.

"மாமா, மத்தியானம் கொஞ்சம் கதம்ப சாதம் அனுப்பிச்சேனே. வாயில போட்டேளா?"

"ஒரு கவளம் போட்டேன்."

"எப்படி இருந்தது?"

"பிரசாதத்துக்கு என்னடா."

பத்ரி துணியை மடித்தான். மறுபடி பிரித்தான்.

"எல்லாரும் இதையேதான் சொல்றா மாமா. உங்க கை மாதிரி வரலைன்னாவது சொல்லலாமோன்னோ? நீங்களும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேளா?"

சௌரிராஜன் வாயைத் திறந்தார். அந்தக் கதம்பம் எப்படி இருந்தது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியாது. பத்ரி துணியை மறுபடி முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மறுநாள் டீச்சரும் அவரும் முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"கை மாறினது அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"யாருக்கு?"

"பெருமாளுக்கு."

டீச்சர் கீரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உள்ள போயி என்ன செய்யப் போறீங்கன்னு அன்னைக்கே கேட்டேன். நீங்க சொல்லலை."

"கேக்கணும்."

"என்ன கேக்கணும்?"

"தளிகையை உள்ள கொண்டு வைப்பா. திரை போடுவா. நான் வெளியில கையைக் கட்டிண்டு நிப்பேன். மணி அடிக்கும், திரை விலகும். வச்சது வச்சபடி இருக்கும். அவர் பாட்டுக்கு நிப்பார். இத்தனை வருஷத்துல ஒரு நாள் ஒண்ணும் சொன்னதில்லை. அப்பல்லாம் எனக்குக் கேக்கத் தோணலை. நாளைக்கும் வரத்தானே போறோம்னு இருந்துட்டேன்." அவர் ஒரு தண்டை நகத்தால் கிள்ளினார். "இப்ப வெளியில வந்த அப்புறம் அது ஒண்ணுதான் தோண்றது. ஒரே ஒரு தரம் தளிகை பண்ணிட்டுக் கேட்டுடணும்."

"என்னன்னு?"

"நன்னா இருந்ததான்னு."

டீச்சர் அவர் கையிலிருந்த தண்டை வாங்கிப் பார்த்தாள்.

"இது முத்தல். தூரப் போடுங்க," என்றாள்.



மழை பிடித்த ஒரு நாள் டாக்டர் கட்டைப் பிரித்தார். புண் மூடியிருந்தது. சௌரிராஜன் தன் காலைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப நான் போகலாமா?"

டாக்டர் ஒரு பேனாவின் முனையால் அவர் பாதத்தில் அங்கங்கே குத்தினார். "தெரியுதா?" என்று கேட்டார். தெரியவில்லை. புண் ஆறினாலும் பாதத்தில் உணர்ச்சி திரும்பவில்லை. மறுபடி ஒரு கங்கு விழுந்தால் சதை வெந்த பிறகுதான் தெரியும். அந்த மாதிரி அடுப்பு முன்னால் இனி நிற்கவே கூடாது என்றார். சாப்பாட்டை இப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னார். இது யார் சமையல், நல்ல பலன் தெரிகிறதே என்றும் கேட்டார்.

அடுத்த நாள் உச்சி வெயிலில் அவர் டீச்சர் வீட்டுக்கு வந்தார். குடையை மூலையில் சாத்தவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். இனிமே வரலை."

நடந்ததைச் சொன்னார். டீச்சர் கேட்டுக்கொண்டாள்.

"சாப்பிட்டீங்களா?"

"நேத்து சாயங்காலத்துலேருந்து ஒண்ணும் இறங்கலை."

"சர்க்கரைக்காரர் பட்டினி கிடப்பாங்களா?"

"யாருக்காகச் சமைக்கணும் டீச்சர்? உள்ள போகணும்னுதான் இதெல்லாம் பண்ணேன். இல்லைன்னு ஆயிடுத்து. ஒருத்தன் வயித்துக்கு ஒரு அடுப்பா?"

டீச்சர் பின்கட்டில் சின்ன காஸ் அடுப்பைத் தரையில் இறக்கி வைத்தாள். எதிரே ஒரு முக்காலியைப் போட்டாள்.

"இது முன்னால நிக்க வேண்டாம். உட்காந்துக்கலாம். ஒரு வேளை சமைச்சு சாப்பிட்டுட்டுப் போங்க. நான் போட மாட்டேன்."

"எனக்கு வேண்டியிருக்கலை."

"அதையும் சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க."

அவர் குடையைக் கீழே வைத்தார். சாமையைக் களைந்தார். உலை வைத்தார். கீரையை அரிந்தார். பழக்கத்தில் கை தோளுக்குப் போனது. துண்டை எடுத்து முகத்தில் சுற்றினார்.

"இந்தச் சமையல் யாருக்கு?" என்று கேட்டாள் டீச்சர்.

"எனக்குத்தான்."

"அப்ப துணி எதுக்கு?"

உலை கொதித்து மூடி ஆடியது. அவர் தீயைத் தணித்தார். பிறகு துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அரை ஸ்பூன் நெய். சீரகம். இஞ்சி. கறிவேப்பிலை.

பொரிந்த வாசனை எழுந்தது. யாரோ மார்பில் கை வைத்துத் தள்ளியதுபோல் சௌரிராஜன் பின்னால் சாய்ந்தார். பிறகு மெல்லக் குனிந்தார். வாயில் நீர் ஊறியது. டீச்சர் பார்க்கிறாளோ என்று விழுங்கிக்கொண்டார்.

"எத்தனை தரம் இதைத் தாளிச்சிருப்பேன்," என்றார்.

டீச்சர் தட்டைக் கழுவி வைத்தாள். அவர் பரிமாறிக்கொண்டு, கண்ணை மூடி, உதடு அசையப் பெருமாளுக்குக் காட்டினார். கண்ணைத் திறந்து முதல் கவளத்தை எடுத்தார்.

அதை வெகு நேரம் மென்றார். இரண்டாவதற்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. அதற்கு மேல் அவர் தலையைத் தூக்கவே இல்லை. டீச்சர் மோர் ஊற்றினாள். அதுவும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"எப்படி இருக்கு சாமி?"

கை தட்டுக்கும் வாய்க்குமாகப் போய்க்கொண்டிருந்தது.

"உப்பு போதுமா?"

சொல்ல வந்தார். வாய் கொள்ளாமல் சோறு இருந்தது. கொஞ்சம் பொறு என்பதுபோல் இடது கையைத் தூக்கிவிட்டு, வலது கையால் அடுத்த கவளத்தைத் திரட்டினார்.

"உங்களைத்தான் கேக்கறேன். நன்னா இருக்கா?"

பதில் இல்லை. கீரைத் தண்டு பல்லில் நறுக்கென்று கடிபடும் சத்தம் மட்டும் கேட்டது.

டீச்சர் மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

"சரி, சாப்பிடுங்க. வாய் நிறையச் சோறு இருக்கும்போது யாராலதான் பதில் சொல்ல முடியும்?"

சௌரிராஜனின் கை பாதி வழியில் நின்றது. அவர் கோயில் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.