சொந்தச் சேறு

எங்கள் ஊரில் மலை கிடையாது, ஆறு கிடையாது, எட்டு மாதமாக மழையும் கிடையாது. இதையெல்லாம் யோசித்துத்தான் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை வாங்கினோம். வண்டிக்கு முப்பத்திரண்டு வயது. எங்களில் யாருக்கும் வயது அதைவிடக் குறைவில்லை. அறிவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

நல்லதம்பி ஓட்டத் தெரிந்தவன். அருளப்பன் யார் என்ன சொன்னாலும் ஒரு சொல் மறக்காதவன். சங்கையா அதில் சந்தேகம் கேட்பவன். நான் உள்ளூர்ச் செய்திகளைப் பத்திரிகைக்கு அனுப்புகிறவன். எதையும் நேரில் சரிபார்க்கும் வேலை எனக்கு.

நல்லதம்பியின் தங்கை பேச்சித்தாயை மலைமேல் மேலக்காட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறது. ஜீப் தவிர வேறெதுவும் அங்கே ஏறாது. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் அவளுடைய இரண்டாவது குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். முதல் குழந்தைக்கு நல்லதம்பி போய்ச் சேர்ந்தபோது இலை எடுத்துவிட்டார்கள். யாரோ ஒன்றுவிட்ட பெரியப்பா மடி கொடுத்திருந்தார். "இந்தத் தடவையும் வரலேன்னா எனக்கு அண்ணனே இல்லேன்னு நெனச்சுக்கிடுதேன்" என்று பேச்சித்தாய் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை காலை மெக்கானிக் சாகுல் பாய் வண்டியைச் சரிபார்த்துக் கொடுத்தார்.

"அண்ணாச்சி, இந்தச் சின்ன கியர்தான் நாலு வீலையும் இழுக்க வைக்கும். இது இல்லாம மலை ஏறாது. ரொம்ப நாளாப் போடாம இறுகிக் கெடக்கு. போறதுக்கு முன்னால ஒரு தடவை போட்டு ஓட்டிப் பாருங்க. ஆனா காஞ்ச தரையில போட்டுராதீங்க, உள்ள பல்லு போயிரும். சேத்துல மட்டும்தான். அப்புறம், ஹேண்ட் பிரேக் ஒயர் இன்னும் வரல. வண்டிய நிறுத்தினா பிரேக்குல இருந்து காலை எடுக்காதீங்க. நான் மக வீட்டுக்குப் போறேன், நாளைக்கு மத்தியானம் வந்துருவேன்."

அருளப்பன் எல்லாவற்றையும் மனத்தில் வாங்கிக்கொண்டான். நாங்கள் சேறு தேடிப் புறப்பட்டோம்.

ஊர் முழுக்கத் தேடியதில், தெருக்குழாய் அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சேறு இருந்தது.

"ஒரு சக்கரத்துக்குத்தான் காணும்" என்றான் நல்லதம்பி.

"நாலு தடவை வருவோம்" என்றான் அருளப்பன். "ஒவ்வொரு தடவையும் ஒரு சக்கரம்."

சங்கையா யோசித்தான். "மத்த மூணும் அப்போ காஞ்ச தரையில நிக்குமே. ஒரு பல்லுக்காக மூணு பல்லைக் குடுக்கவா?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆகவே சேற்றை நாங்களே தயாரிப்பது என்று முடிவாயிற்று.

நல்லதம்பி வீட்டை ஒட்டிய கரிசல் காட்டில் ஒரு லாரித் தண்ணீரைக் கொட்டினோம். சக்கரம் வழுக்குமா என்று யாராவது பார்க்க வேண்டும். நான் இறங்கி நடந்தேன். விழுந்தேன்.

"வழுக்குது" என்றான் அருளப்பன்.

"ஒரு எடத்துல வழுக்கினா போதுமா? வண்டிக்கு நாலு சக்கரம்" என்றான் சங்கையா.

நான் இன்னும் மூன்று இடங்களில் விழுந்தேன். செய்தி உறுதியாயிற்று.

நல்லதம்பி வண்டியை உள்ளே இறக்கி, இரண்டு கையாலும் சின்ன கியரை இழுத்தான். விழுந்தது. நான்கு சக்கரமும் சுழல, ஜீப் எருமைபோல் சேற்றில் மூன்று சுற்று வந்தது. கைதட்டினோம். வெளியே வருவதற்காக அவன் கியரைப் பழைய இடத்துக்குத் தள்ளினான். அசையவில்லை. மூன்று பேர் சேர்ந்து தள்ளினோம். அப்போதும் அசையவில்லை.

"கியரு விழுந்து கெடக்கு. இனிமே வண்டி காஞ்ச தரையில கால் வைக்கக் கூடாது" என்றான் அருளப்பன்.

நல்லதம்பி பிரேக்கில் கால் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். பகல் சாப்பாட்டையும் இரவுச் சாப்பாட்டையும் அவனுக்கு ஸ்டீயரிங் மேல் வைத்துக் கொடுத்தோம். விடிந்தபோது கால் மரத்துப்போயிருந்தது. ஆனால் பிரேக்கில்தான் இருந்தது.

"வண்டி சேத்தை விட்டு வரக் கூடாது, அவ்வளவுதானே?" என்றான் சங்கையா. "சேறு வண்டியோட வரலாம்ல?"

இது எங்களில் யாருக்கும் தோன்றாத யோசனை. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். சக்கரத்துக்கு முன்னால் சேற்றைப் பரப்புவது, வண்டி ஏறியதும் பின்னால் கிடக்கும் சேற்றை அள்ளி மறுபடி முன்னால் போடுவது. அருளப்பனுக்கு மண்வெட்டி, சங்கையாவுக்குச் சட்டி. சேறு போதுமான அளவு வழுக்குகிறதா என்று நான் முன்னால் நடந்து பார்த்துக்கொண்டு போனேன்.

எட்டு மணிக்குப் பேச்சித்தாய் போன் செய்தாள்.

"எங்க வந்துக்கிட்டு இருக்க?"

"வேப்பமரம் தாண்டியாச்சு."

"எந்த வேப்பமரம்?"

"நம்ம வீட்டு வேப்பமரம்."

"பஸ்ஸைப் புடிச்சு அடிவாரத்துக்கு வந்தா இங்கேருந்து ஜீப் அனுப்ப மாட்டனா?"

"பிரேக்குல கால் வச்சிருக்கேம்மா. எடுக்கக் கூடாதாம்."

"பக்கத்துல யாரு?"

"அருளப்பன், சங்கையா, நிருபர்."

"அதானே பாத்தேன்" என்றாள்.

பதினொன்றரை மணிக்கு மேலக்காட்டு ஜீப் வந்து நின்றது. பேச்சித்தாய், அவள் வீட்டுக்காரர், மொட்டையடித்த குழந்தை, ஊசியோடு ஆசாரி. நாங்கள் அப்போது மெயின் ரோட்டுக்கு வந்திருந்தோம். வீட்டிலிருந்து இருநூறு அடி.

"அண்ணே, எறங்கி வா. மடி வேணும்."

நல்லதம்பியின் கண் கலங்கிவிட்டது. "மடி இருக்கும்மா. கால்தான் இல்லை."

பேச்சித்தாய் எங்களைப் பார்த்த பார்வையை எழுதத் தேவையில்லை. குழந்தையை ஜன்னல் வழியாகத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். ஆசாரி சேற்றில் இறங்கி, ஒருமுறை வழுக்கி, எழுந்து வந்து காதைப் பிடித்தார். குத்திய நொடியில் குழந்தை இரண்டு கையாலும் ஹாரனை அழுத்தியது. அந்தச் சத்தத்தில் அழ மறந்து சிரித்தது. நல்லதம்பிதான் அழுதான். மணி பதினொன்று ஐம்பது.

அந்த நேரத்தில் சாகுல் பாய் மொபெட்டில் வந்து சேர்ந்தார். ரோட்டில் கிடந்த சேற்றையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அருளப்பன் நடந்ததைச் சொன்னான். அவர் பிரேக்கில் கால் வைத்த பிறகே நல்லதம்பி தன் காலை எடுத்தான். பாய் வண்டியை ஒரு முழம் பின்னால் நகர்த்தினார். சின்ன கியர் ஒரு விரலுக்கே வந்துவிட்டது.

"ரிவர்ஸ்ல கொஞ்சம் வந்தா தானா விட்டுரும், அண்ணாச்சி."

"நீங்க அதைச் சொல்லலையே" என்றான் அருளப்பன்.

"சொல்லல" என்று பாய் ஒப்புக்கொண்டார்.

"சாப்பாடு மேல இருக்கு. பின்னாலேயே வாங்க" என்று பேச்சித்தாய் ஜீப்பில் ஏறினாள். கோபம் பாதி போயிருந்தது.

மலைக்குச் சின்ன கியர் வேண்டும். சின்ன கியருக்குச் சேறு வேண்டும். மலையும் காய்ந்துதான் கிடக்கும். ஆகவே ரோட்டில் கிடந்த சேற்றை ஒரு பிடி விடாமல் அள்ளி, ஆறு சாக்கில் கட்டிப் பின்சீட்டில் ஏற்றினோம். காயாமல் இருக்க வழியெல்லாம் சங்கையா செம்பில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தான்.

மலை ஏறத் தொடங்குகிற முதல் வளைவில் மழை பிடித்தது. எட்டு மாதம் பெய்யாத மழை. மேலக்காட்டு ஜீப் முன்னால் ஏறிப் போய்விட்டது. கண்ணுக்கு எட்டிய வரை பாதை சேறாகி, எங்கள் வண்டி நின்ற இடத்திலேயே வழுக்கியது. நல்லதம்பி சின்ன கியரில் கை வைத்தான்.

"பொறு" என்றான் அருளப்பன். "இது என்ன சேறுன்னு யாருக்குத் தெரியும்? நம்மது சோதிச்சுப் பாத்தது."

சோதித்தவன் நான் என்பதால் அதை என்னால் மறுக்க முடியவில்லை. நல்லதம்பி பிரேக்கில் காலை வைத்துக்கொண்டான். மூவரும் கொட்டுகிற மழையில் இறங்கி, சாக்குகளை அவிழ்த்து, மலைச் சேற்றின்மேல் எங்கள் சேற்றைப் பரப்ப ஆரம்பித்தோம்.