கிளாத்தியின் கல்

அந்தக் காலத்தில் மீன்கள் வாய்விட்டுப் பேசும். மனிதர்களுக்கும் அது புரியும். அப்போது மன்னார்க் கடலில் ஒரு பார் இருந்தது. பார் என்றால் கடலடியில் பவளமும் கல்லுமாக எழும்பி நிற்கிற மேடு. அதில் ஒரு கிளாத்தி மீன் தனியாகக் குடியிருந்தது.

கிளாத்திக்கு முதுகில் ஒரு முள் உண்டு. அதை நிமிர்த்திப் பூட்டிக்கொண்டால் யாராலும் மடக்க முடியாது. அதன் மனமும் அப்படித்தான். சின்ன வயதில் அது இந்தப் பாருக்குப் புதிதாக வந்தபோது, இருந்த மீன்களெல்லாம் சேர்ந்து ஏழு நாள் விரட்டி விரட்டிக் கடித்தன. அந்த மீன்கள் செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கிளாத்திக்கு ஒரு கடிகூட மறக்கவில்லை.

ஒரு நாள் பச்சைக் கிளிமீன் ஒன்று வந்தது. அது இருந்த பார் புயலில் உடைந்துபோயிருந்தது. பின்னாலேயே ஒரு சீலா மீன் பல்லைக் காட்டிக்கொண்டு சுற்றியது.

"அண்ணே, ஒரு பொந்து போதும். வெளியே நின்னா சீலா என்னை முழுங்கிடும்."

"கிளிதானே நீ? மரத்துக்குப் போ," என்றது கிளாத்தி. "இந்தக் கல்லு என்னோடது. அந்தக் கல்லும் என்னோடது. நான் வந்தப்ப எல்லாரும் கடிச்சுத்தானே விரட்டினாங்க, எவன் இடம் கொடுத்தான்?"

"உங்களைக் கடிச்சது நான் இல்லையே அண்ணே!"

கிளாத்தி பாய்ந்து வாலைக் கடித்தது. மூன்று முறை கிளிமீன் திரும்பி வந்தது. மூன்று முறையும் வால் கிழிந்தது.

அதே பாரின் அடியில் ஒளிந்திருந்த ஒரு பேய்க்கணவாய் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கிளாத்தி நண்டு தின்னப் போன நேரத்தில் தன் எட்டுக் கையையும் நீட்டிக்கொண்டு வெளியே வந்தது. கிழக்கே கிடந்த கல்லை மேற்கே தள்ளியது. படுத்திருந்ததை நிமிர்த்தியது. ஒரு கல்லையும் பழைய இடத்தில் விடவில்லை.

கிளாத்தி திரும்பி வந்து, "என் பொந்து எங்கே?" என்று கத்தியது.

"எந்தக் கல்லு உன்னோடது? காட்டு பார்ப்போம்," என்றது பேய்க்கணவாய்.

கிளாத்தி சுற்றிச் சுற்றிப் பார்த்தது. எதையும் தன்னுடையது என்று சொல்ல முடியவில்லை. முதன்முதலில் வந்த அன்றைக்கு நின்ற மாதிரியே திகைத்து நின்றது.

அந்த நேரம் பார்த்துச் சீலா அதன் மேல் பாய்ந்தது.

"அண்ணே, இங்கே வாங்க! ரெண்டு பேருக்கு இடம் இருக்கு!" புதிதாக அமைந்த ஒரு பொந்திலிருந்து கிளிமீன் கூப்பிட்டது.

கிளாத்தி உள்ளே நுழைந்து, வாசலை அடைத்தபடி முள்ளைப் பூட்டிக்கொண்டது. சீலா முட்டியது, இழுத்தது, கடைசியில் அலுத்துப்போய்விட்டது.

"வால் வலிக்குதா?" என்று கேட்டது கிளாத்தி.

"வலிக்காம? கடிச்ச ஆளு பக்கத்துலயே இருக்கீங்க."

"இனி எவன் கடிக்கிறான்னு நான் பாக்கிறேன். நீ இங்கேயே இரு."

வஞ்சம் மறக்காதவன் நன்றியும் மறக்கமாட்டான். பாருக்கு எந்த மீன் புதிதாக வந்தாலும், கிளாத்தி ஓடிப்போய்ப் பேய்க்கணவாயைக் கூப்பிட்டுக் கற்களை மாற்றி வைக்கச் சொல்லும். சங்கு குளிக்க இறங்கியவர்கள் ஏன் என்று கேட்டார்கள்.

"கல்லு பழைய இடத்துல இருந்தா எனக்குப் பழைய கோபம் வந்துடும். அந்தப் பிள்ளை எனக்கு இடம் கொடுத்துச்சு. வர்றவங்களுக்கு நான் கொடுக்க வேண்டாமா?" என்றது கிளாத்தி.

அவர்கள் அதைக் கரையில் வந்து சொன்னார்கள். அன்று முதல்தான், கண்ணாடித் தொட்டியில் கடல்மீன் வளர்ப்பவர்கள், புது மீனை விடுவதற்கு முன்னால் உள்ளே இருக்கும் கற்களை எல்லாம் இடம் மாற்றி வைக்கிறார்கள்.