மூன்று பூட்டுப் பெட்டி

குருவுக்கு வயது முப்பத்தேழு. சீடருக்கு அறுபத்தொன்று. சிரிப்பதானால் இங்கேயே சிரித்துவிட்டு வரலாம். பின்னால் அதற்கு நேரமில்லை.

குரு, கிளமென்சி டீச்சர். தூத்துக்குடியில் பதினோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியவர். கேட்காத பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை போயிற்று. வேலையை விட்டுவிட்டுக் கேமராவோடு கடலுக்குள் இறங்கினார். மீன்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அவருக்கு ஒரே விதி. கேட்டால் சொல்வார். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்.

சீடர், திருமலையப்பன். முப்பத்தோரு வருஷம் சுங்க இலாகாவில் அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தவர். அல்வா டப்பாவுக்குள் கை விட்டவர். பொம்மையின் தலையைத் திருகிப் பார்த்தவர். அவருக்கும் ஒரு விதி உண்டு. கேட்காதே, பார். கேட்டால் எதிராளிக்குப் பொய் தயார் பண்ண அவகாசம் கொடுத்ததாகிவிடும்.

இந்த இரண்டு பேரும் குருவும் சீடருமானால் விளங்குமா? இரண்டு வருஷம் விளங்கியது. ஊர்க் கடலில் படகேறிப் போய் முங்கிப் படமெடுத்து வருகிற வரைக்கும். வம்பு விமானத்தில் வந்தது.

அந்தமானில் ஒரு சின்னத் தீவு. அங்கே கடற்புல் மேட்டில் ஒரு கடல்பசு குட்டியோடு மேய வருகிறது. ஆராய்ச்சிக்காரர்கள் படம் கேட்டார்கள். ஒரே ஒரு காலை, இரண்டே ஆள் இறங்கலாம் என்று அனுமதி கிடைத்தது. டீச்சர் தன்னோடு திருமலையப்பன் பெயரை எழுதிக் கொடுத்தார்.

திருமலையப்பனின் காதைச் சோதித்த டாக்டர், முங்கலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார். "இதான் கடைசி. அடுத்த வருஷம் வந்தா எழுதித் தர மாட்டேன்."

ஆகவே அந்த ஒரு காலை. அதை விட்டால் கடல்பசுவைக் காலண்டரில்தான் பார்க்க வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் டீச்சர் வீட்டில் சாமான் அடுக்கினார்கள். திருமலையப்பன் விமானக் கம்பெனியின் விதிகளைப் பன்னிரண்டு தடவை படித்திருந்தார். பேட்டரி எல்லாம் கைப்பையில். ஒன்றோடொன்று உரசித் தீப்பிடிக்காமல் முனைகளில் டேப். விளக்குகள் தனி, விளக்கைத் தாங்கும் கைகள் தனி. எல்லாவற்றையும் ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் பஞ்சு வெட்டிப் பதித்திருந்தார். பெட்டிக்கு மூன்று பூட்டு.

"என்ன அண்ணாச்சி, உள்ள ஆளு எதுவும் இருக்கா? மூணு பூட்டு போட்டிருக்கிய."

"விமானத்துல கீழ போடுற சாமான், டீச்சர். இங்க இருந்து அங்க போறதுக்குள்ள எத்தனை கை மாறும் தெரியுமா? ஒன்பது கை."

"உங்க கையும் சேத்தா?"

அவர் சிரிக்கவில்லை. "உங்க பெட்டிக்குப் பூட்டையே காணோமே."

"சாவி தொலைஞ்சு போச்சு."

"எப்போ?"

"ஆறு வருஷம் இருக்கும்."

"ஆறு வருஷமா பூட்டாமலா கொண்டு போறிய?"

"மேல ஒரு அழுக்குத் துண்டப் போட்டு வச்சிருவேன். எவனும் கிளற மாட்டான்."

இது ஒரு பதிலா என்று நினைத்துக்கொண்டார் திருமலையப்பன். அப்போது அவர் மனைவி போனில் கூப்பிட்டார். மூட்டு வலி மாத்திரையை எடுத்து வைத்தாயிற்றா என்பதுதான் விஷயம். வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பினார். அறைக்குள் காலை வைக்கும் முன் பீரோக் கண்ணாடியில் பார்த்தார்.

டீச்சர் திருமலையப்பனின் கூட்டைத் திறந்து வைத்திருந்தார்.

கூடு என்றால் கேமராவைத் தண்ணீர் புகாமல் மூடும் அலுமினியக் கூடு. அதன் மூடி பொருந்தும் இடத்தில் சுற்றிலும் ஒரு பள்ளம். பள்ளத்தில் இடியாப்ப இழைத் தடிமனில் ஒரு ரப்பர் வளையம். ஓரிங் என்பார்கள். அது சரியாக உட்கார்ந்தால் நாற்பது அடி ஆழத்திலும் சொட்டுத் தண்ணீர் போகாது. அது இல்லையென்றால் ஒரு அடியிலேயே கேமரா செத்தது.

டீச்சர் அந்த வளையத்தை விரலால் நெம்பி எடுத்தார். ஒரு சின்ன டப்பாவில் போட்டார். டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கூட்டை மூடித் துண்டில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

திருமலையப்பன் இருமிக்கொண்டு உள்ளே வந்தார்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "ஏதாவது கேக்கணுமா, அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல, டீச்சர்."

காரணம் கண்டுபிடிக்க அவருக்கு வீடு போய்ச் சேரும் வரைகூட ஆகவில்லை. போன மாசம் ஒரு பத்திரிகையில் அவர் எடுத்த கடல்குதிரைப் படம் வந்தது. டீச்சர் அனுப்பியது வரவில்லை. "நல்லா வந்திருக்கு அண்ணாச்சி" என்று டீச்சர் சொன்னபோதே குரலில் ஏதோ இருந்தது. அப்போது தெரியவில்லை. இப்போது தெரிந்தது. கடல்பசுவையும் இந்தக் கிழவன் எடுத்துவிட்டால்?

ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. மாற்று ஓரிங் ஒன்று, யாருக்கும் தெரியாமல் வாங்கி வைத்திருந்தார். கிரீஸ் தடவிப் பள்ளத்தில் பதித்தார். மூடியை அழுத்திக் கொக்கிகளை மாட்டினார். மூன்று பூட்டையும் பூட்டினார். நடுப் பூட்டில் நூல் சுற்றி முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சைப் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

விமான நிலையத்தில் பெட்டியை வாங்கிய பெண் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். "பெட்டிய நீங்களேதான் அடுக்கினீங்களா, சார்? வேற யாராவது எதையாவது கொடுத்தாங்களா?"

"கொடுக்கல," என்றார். எடுத்தார்கள் என்பதை முழுங்கிக்கொண்டார்.

பின்னால் நின்ற டீச்சர் கேட்டார். "என்ன அண்ணாச்சி, நம்ம பழைய உத்தியோகத்த இப்ப இந்தப் பொண்ணு பாக்குதேன்னு இருக்கா?"

"நாங்க கேக்கவே மாட்டோம், டீச்சர். கண்ணப் பாப்போம்."

"அது சரி. இப்ப ஏதாவது கேக்கணுமா?"

"இல்ல."

சாயங்காலம் தீவில் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். டீச்சர் தன் பெட்டியை வராந்தாவிலேயே திறந்து, கூட்டை எடுத்து வேலையை ஆரம்பித்துவிட்டார். திருமலையப்பன் தன் பெட்டியைத் தன் அறைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"திறந்து பாக்கலியா?"

"காலையில பாத்துக்கிடுதேன்."

"ஏதாவது..."

"இல்ல, டீச்சர்."

காலையில் பார்த்தார். நூல் அப்படியே இருந்தது. போனில் இருந்த முடிச்சோடு ஒப்பிட்டார். அதே முடிச்சு. மூன்று பூட்டையும் திறந்து கூட்டை எடுத்துக் கொக்கிகளை நீக்கினார். மூடியை இழுத்தார்.

வரவில்லை.

மறுபடி இழுத்தார். முழங்காலில் இடுக்கிக்கொண்டு இழுத்தார். பற்றவைத்தது மாதிரி இருந்தது. யாரும் பெட்டியைத் திறக்கவில்லை. கூட்டை மூடியதும் அவரே. அப்படியானால்? கொஞ்ச நேரம் யோசித்தார். பிடித்துவிட்டார். கிரீஸ். அந்தக் கிரீஸ் டப்பாவைத் தீபாவளிக்குக் கொடுத்ததே டீச்சர்தான். அதில் பசையைக் கலந்திருக்கிறார்.

வெளியே டீச்சர் குரல் கேட்டது. "அண்ணாச்சி, படகு வந்துட்டு."

"வாறேன்."

கதவைத் தாளிட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். மூடிக்கும் கூட்டுக்கும் நடுவில் நுனியைக் கொடுத்து நெம்பினார். வழுக்கியது. பலமாக நெம்பினார். 'உஸ்' என்று ஒரு சத்தம். மூடி கையோடு வந்தது. விளிம்பில், பள்ளத்துக்குக் குறுக்கே, ஒரு கீறல் விழுந்திருந்தது. நகம் நிற்கிற ஆழம்.

ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டார். கேமராவை உள்ளே வைத்து மூடினார்.

படகு புல்மேட்டுக்கு மேலே நின்றது. "ஒரு மணி நேரம்தான். அதோ, மூக்கு தெரியுது பாருங்க," என்றார் படகுக்காரர். ஐம்பது அடி தள்ளி ஒரு சாம்பல் முதுகு எழுந்து அமிழ்ந்தது. பக்கத்தில் ஒரு சின்ன முதுகு.

டீச்சர் கையை நீட்டினார். "கூட்டக் குடுங்க. ஒரு தடவை பாத்துருவோம்."

கொடுக்க மனசில்லை. கொடுத்தார். டீச்சர் மூடியைத் திறந்து விளிம்பைச் சுற்றிக் கட்டைவிரலை ஓட்டினார். கீறலில் விரல் நின்றது.

"இது தண்ணிக்குள்ள இறங்காது."

"இறங்காதபடி செஞ்சது யாரு?"

படகுக்காரர் இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார்.

"யாரு செஞ்சது, அண்ணாச்சி?"

"ஓரிங்க எடுத்துச் சட்டையில போட்டுக்கிட்டியளே. கண்ணாடியில பாத்தேன். என்கிட்ட வேற இருந்துது, போட்டுக்கிட்டேன். அது உங்களுக்குத் தெரியாது. அதுக்குத்தான் முன்கூட்டியே கிரீஸ்ல பசை." சொல்லும்போதே அது அவ்வளவு நன்றாக இல்லை என்று அவருக்கே தோன்றியது.

டீச்சர் தன் பையிலிருந்து அந்தச் சின்ன டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு ஓரிங் இருந்தது. "உங்களோடது. இதுல ரெண்டு இருந்துது. இன்னொண்ணு என்னோடது. அத நேத்து வராந்தாவுல உக்காந்து மாட்டினேன்."

"உங்களோடதையும் எடுத்தியளா?"

"விமானத்துல கொண்டு போகும்போது கழட்டித்தான் கொண்டு போகணும். மேல காத்து லேசாயிரும். மூடின கூட்டுக்குள்ள இருக்க காத்து, ரப்பரத் தள்ளிக்கிட்டு வெளிய வந்துரும். கீழ இறங்கினா வெளிக்காத்து மூடியப் போட்டு அமுக்கும். உள்ள காத்து பத்தாது. யானையக் கட்டி இழுத்தாலும் வராது. ஓரிங் இல்லன்னா காத்து போகும், வரும். தொல்லையில்ல."

"அந்த உஸ்ஸு..."

"காத்து உள்ள போன சத்தம்."

திருமலையப்பன் கூட்டைப் பார்த்தார். கீறலைப் பார்த்தார். தூரத்தில் அந்தச் சாம்பல் முதுகு மறுபடி எழுந்தது.

"எடுக்கும்போதே சொல்லியிருக்கலாம்லா, டீச்சர்?"

"கேட்டிருக்கலாம்லா, அண்ணாச்சி? நானும் எத்தனை தடவதான் கேக்கது, ஏதாவது கேக்கணுமான்னு."

அவர் காலில் மாட்டியிருந்த துடுப்புகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்ன செய்றிய?"

"நீங்க போயிட்டு வாங்க. நான் படகுல இருக்கேன்."

டீச்சர் தன் கூட்டை எடுத்து அவர் மடியில் வைத்தார். கேமரா உள்ளே இருந்தது. அதுதான் டீச்சரின் பிழைப்பு. அந்த ஒன்றைத் தவிர வேறு கேமரா அவருக்குக் கிடையாது.

"நீங்க எடுங்க. நான் சும்மா கூட வாறேன்."

"உங்களப் பத்தி இவ்வளவு தப்பா நினைச்சிருக்கேன். எனக்குப் போய்..."

"எனக்கு அடுத்த வருஷமும் டாக்டர் எழுதித் தருவாரு. துடுப்ப மாட்டுங்க."

"முக்கா மணி நேரம்தான் இருக்கு," என்றார் படகுக்காரர்.

திருமலையப்பன் துடுப்புகளை மாட்டினார். காற்றுக் குழாயைச் சரிபார்த்தார். படகின் விளிம்பில் உட்கார்ந்து கூட்டை நெஞ்சோடு பிடித்தார். அவர் கட்டைவிரல் அதுவாகக் கொக்கிக்குப் போனது. திறந்து ஒரு பார்வை பார்த்தால் போதும். அலை தெறித்துக்கொண்டிருந்தது. ஒரு துளி உப்புத் தண்ணீர் உள்ளே விழுந்தால் அந்தக் கேமராவும் போகும். விரல் கொக்கியின் மேலேயே நின்றது.

முப்பத்தோரு வருஷத்தில் பெட்டி வைத்திருந்த ஒருத்தரிடமும் அவர் கேட்டதில்லை. இப்போது கேட்டார்.

"டீச்சர், ஓரிங் ஒழுங்கா உக்காந்திருக்கா?"

"நான் பாக்கும்போது ஒழுங்காத்தான் இருந்துது," என்றார் டீச்சர். "அதுக்கு மேல எனக்கும் தெரியாது."

திருமலையப்பன் கொக்கியிலிருந்து விரலை எடுத்தார்.