ஐந்து செப்பிலை வாங்கிய வீடு

கொன்றைநாட்டு அரசர் செம்பியராயருக்கு ஒரு சித்திரை மாதத்தில் நல்ல யோசனை ஒன்று வந்தது. அரசர்களுக்கு நல்ல யோசனை வரும்போது குடிமக்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். விறகையும் விளக்கெண்ணெயையும் தண்ணீரையும் விசிறி இழுக்கும் ஆட்களையும் வீணாக்காத வீடுகளின் வாசல் நிலையில் செம்பால் செய்த இலை பதிக்கப்படும் என்று முரசறையச் சொன்னார். ஒரு வீட்டுக்கு ஐந்து இலை வரை கிடைக்கும். அதோடு விட்டிருக்கலாம். வைகாசி முடிவதற்குள் ஓர் இலையாவது வாங்காத வீடு தேர்வீதியில் நிற்கக்கூடாது என்றும் சேர்த்துவிட்டார்.

இலை வழங்கும் பொறுப்பு தலைமைப் பரிசோதகர் வைத்தியலிங்கனாரிடம் போனது. படித்த மனிதர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் வெயில் அவர் உடம்புக்கு ஆகாது. அதனால் எந்த வீட்டையும் போய்ப் பார்க்க மாட்டார். எதை எவ்வளவு குறைத்தோம் என்று வீட்டுக்காரர் எழுதித் தரும் ஓலையை விசிறிக் காற்றில் உட்கார்ந்து படித்துவிட்டு அங்கிருந்தபடியே இலை கொடுத்துவிடுவார்.

ஒருநாள் அரசவை விகடர் அப்பூதி தேர்வீதி வழியாகப் போனார். பூக்காரி செங்கமலம் கட்டிய சரத்தை மடியில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன செங்கமலம், பூவுக்குத் தெளிக்கத் தண்ணீர் போதவில்லையா?" என்று கேட்டார் அப்பூதி. கேட்ட மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"என் வீட்டை இடிக்கப் போறாங்கய்யா. ஒரு இலைகூடக் கிடைக்கல."

அப்பூதி உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு முழக் கனத்தில் மண்சுவர். மேலே பனையோலைக் கூரை. காலையில் பறித்த மல்லிகை மொட்டு உச்சிவேளையிலும் வாடாமல் கிடந்தது. அவருக்கே அங்கே ஒரு பாயை விரித்துப் படுத்துவிடலாமா என்றிருந்தது.

"இந்த வீட்டுக்கா இலை இல்லை?"

"விசிறி இழுக்கிற ஆளுங்களை எத்தனை பேர் குறைச்சேன்னு ஓலையில கேட்டிருந்தாங்க. நான் ஆளே வச்சதில்லைன்னு எழுதிக் கொடுத்தேன். குறைக்காதவங்களுக்கு இலை கிடையாதாம். எதிர்வீட்டு ரத்தின வியாபாரி இருபது பேர் வச்சிருந்தாரு. பதினாறு ஆக்கிட்டாரு. அவருக்கு நாலு இலை! இந்த வீடு போச்சுன்னா பூவை எங்கய்யா வைப்பேன்? வேற எங்க வச்சாலும் மத்தியானத்துக்குள்ள கருகிடும். அப்புறம் நான் எப்படிப் பிழைக்கிறது?"

அப்பூதிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. கோபம் வந்தால் அவர் கத்த மாட்டார், எழுதுவார். அன்று மாலையே ஓர் ஓலை எழுதினார். அதில் ஒரு பொய்கூட இல்லை.

"இடம்: தெற்கு வேப்பந்தோப்பு. வீட்டுக்காரர்: பெயர் சொல்லப்படுவதை விரும்பாதவர். சுவர்: அதே இடத்து மண். வெட்டிய மரம்: இல்லை. காற்று: மேல் வாசல் வழியாகத் தானாக வந்து போகும். அடுப்பு, விளக்கு: ஏற்றுவதில்லை. முன்பு குடியிருந்தோர்: பல்லாயிரம். இப்போது: ஒருவர். குறைத்தது: மற்ற எல்லாரையும்."

வைத்தியலிங்கனார் கடைசி வரியைப் படித்தார். இப்படி ஒரு குறைப்பை அவர் ஆயுளில் பார்த்ததில்லை. உடனே ஐந்து இலைகளை எழுதிவிட்டார்.

ராஜ்யத்திலேயே முதல் ஐந்திலை வீடு! அரசருக்குத் தலைகால் புரியவில்லை. "நீர் நேரில் போய்ப் பார்த்தீரா?" என்று சபையில் கேட்டார்.

வைத்தியலிங்கனார் கொஞ்சமும் தயங்கவில்லை. "பார்த்தேன் அரசே! கூடத்தில் உட்கார்ந்து மோர்கூடக் குடித்தேன். என்ன குளிர்ச்சி! வீட்டுக்காரர் அதிகம் பேச மாட்டார். ஆனால் நல்ல மரியாதைக்காரர்."

"வாசல்வரை வந்து வழியனுப்பினாரா?" என்று விசாரித்தார் அப்பூதி.

"வந்தார், வந்தார்."

"அப்படியானால் நாமே போய் நம் கையால் இலையைக் கொடுப்போம்" என்று எழுந்தார் அரசர்.

மேளதாளத்தோடு ஊரே வேப்பந்தோப்புக்குப் புறப்பட்டது. செங்கமலமும் மாலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். அப்பூதி முன்னால் நடந்து, ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்த ஒரு பாம்புப் புற்றின் முன் நின்றார்.

"வீடு எங்கே?" என்றார் அரசர்.

"இதுதான் அரசே. கறையான்கள் பல்லாயிரம் சேர்ந்து கட்டியது. அவை போய்விட்டன. இப்போது ஒருவர்தான் இருக்கிறார்."

மேளம் நின்றது. அரசரின் முகம் சிவந்தது. "வைத்தியலிங்கனாரே, இதற்குள்தான் மோர் குடித்தீரா?"

அப்பூதி பணிவாகக் கைகூப்பினார்.

"அவரைக் கோபிக்காதீர்கள் அரசே. வீட்டுக்காரர் உள்ளேதான் இருக்கிறார். எங்களுக்கெல்லாம் அவரிடம் பழக்கமில்லை. பரிசோதகர் ஏற்கெனவே போய் வந்தவர். இந்த ஐந்து இலையையும் அவரே உள்ளே கொண்டுபோய்க் கொடுத்து, இன்னொரு வாய் மோரும் குடித்துவிட்டு வரட்டும்."

வைத்தியலிங்கனார் அரசரின் காலில் விழுந்தார். "நான் போகவில்லை அரசே! எந்த வீட்டுக்குமே போகவில்லை! ஓலையைத்தான் பார்த்தேன்!"

அரசர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கிரீடம் சரியும் அளவுக்குச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், "ஓலை எழுதி வாங்கச் சொன்னது நான். குறைத்த கணக்கைக் கேட்கச் சொன்னதும் நான்தான்" என்று கொஞ்சம் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். வீடு இடிக்கும் உத்தரவு அங்கேயே ரத்தானது. இனிமேல் பரிசோதகர் விசிறியாள் இல்லாமல் ஒவ்வொரு வீட்டிலும் உச்சிவேளையில் ஒரு நாழிகை உட்கார்ந்துவிட்டுத்தான் இலை தர வேண்டும். அப்பூதிக்கு ஒரு பட்டுச் சால்வை கிடைத்தது. சித்திரை வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான் அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

மறுநாள் முதல் சோதனை செங்கமலத்தின் வீட்டில் நடந்தது. ஒரு நாழிகை ஆயிற்று, இரண்டு ஆயிற்று, பரிசோதகர் வெளியே வரவில்லை. எத்தனை இலை என்று கேட்டுவர அரசர் ஆள் அனுப்பினார். வைத்தியலிங்கனார் பூக்கூடைகளுக்கு நடுவே கையைத் தலைக்கு வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஆள் திரும்பி வந்து அப்படியே சொன்னான்.

"அவரை எழுப்ப வேண்டாம்" என்றார் அரசர். "ஐந்து இலையையும் பதித்துவிடுங்கள்."