எல்லோருக்கும் கேட்ட சத்தம்

"மேடம், நாளைக்கு உங்களுக்குச் சிறந்த ஆசிரியர் விருது குடுக்கிறாங்க. மாணவர்கள் சார்பா நான்தான் பேசணும். எழுதினது சரியான்னு சொல்றீங்களா?"

இசக்கிராஜ் வாசலிலேயே நின்றான். மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு. அவன் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள்.

டாக்டர் ஹெப்சிபா தேநீரைக் கீழே வைத்தார். "நீயே படி."

படித்தான். "இதய வால்வு பழுதானால் நெஞ்சில் மெல்லிய இரைச்சல் எழும். மர்மர் என்போம். அதைக் கேட்கத் தெரியாத மாணவர் எங்கள் மேடத்திடம் ஒருவர்கூட இல்லை."

"ஒருத்தர்கூட?"

"ஆமா மேடம். வார்டுல எல்லாருக்கும் கேட்டுச்சே."

"உனக்கு?"

"எனக்கும்தான்."

அவர் எழுந்து நடந்தார். அவன் பின்னால் போனான்.

பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் பேச்சியம்மாள் படுத்திருந்தார். வயதானவர். ஹெப்சிபா தன் ஸ்டெதாஸ்கோப்பை அவர் மார்பில் வைத்துக் கேட்டார். பிறகு அதை இசக்கிராஜிடம் நீட்டினார்.

"நல்ல மர்மர். கேளு."

வைத்தான். ஒன்றுமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டான். கொஞ்சம் நகர்த்திப் பார்த்தான். இதயத் துடிப்புகூட இல்லை.

"கேக்குதா?"

இரண்டாமாண்டில் இதே வார்டில் மர்மர் கேட்க வரிசையில் நின்றது நினைவுக்கு வந்தது. முன்னால் நின்றவள் கேட்குது என்றாள். அடுத்தவனும் கேட்குது என்றான். கேட்கவில்லை என்றால், இவனையெல்லாம் யார் உள்ளே விட்டது என்று நினைப்பார்களோ? அவனும் தலையாட்டியிருந்தான்.

"கேக்குது மேடம்."

"எப்படி இருக்கு?"

"மெல்லிசா... ஊதுற மாதிரி." புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

"கேக்காம என்ன," என்றார் பேச்சியம்மாள். "காலையிலேருந்து வந்த பிள்ளைங்க அம்புட்டுப் பேருக்கும் கேட்டுச்சே!"

ஹெப்சிபா ஸ்டெதாஸ்கோப்பின் தலையை அவன் கண்ணெதிரே திருப்பினார். டக் என்றது. அதுவரை அவன் வைத்திருந்தது, சத்தம் வராதபடி அவர் அடைத்துக் கொடுத்த பக்கம்.

அவனுக்குக் காது மடல் சுட்டது.

"இப்ப வை."

வைத்தான். துடிப்பு. ஒரு துடிப்புக்கும் மறு துடிப்புக்கும் நடுவே, கதவிடுக்கில் காற்று நுழைவதுபோல ஒரு இரைச்சல்.

நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "மேடம்... அன்னிக்கும் எனக்குக் கேக்கல."

அவன் ஓரக்கண்ணால் பார்த்தான். அவரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் அன்னிக்கு ஒவ்வொருத்தர்கிட்டயும் இன்னொரு தடவை கேட்டிருக்கணும்" என்றார்.

மறுநாள் விழா. ஹெப்சிபாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இசக்கிராஜை அழைத்தார்கள். எழுதியதை அவன் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"எங்க மேடத்துக்கிட்ட படிச்சும் எனக்கு மர்மர் கேக்கல. கேட்டுச்சுன்னு பொய் சொன்னேன். நேத்துத்தான் முதல் தடவையா கேட்டேன்."

அரங்கம் சிரித்தது. "டேய், விருதைத் திருப்பி வாங்கிருவாங்கடா!" என்று எவனோ கத்தினான். முன்வரிசையில் டீன் முகம் சுளித்தார். இசக்கிராஜ் இறங்கவும் தெரியாமல் அங்கேயே நின்றான்.

சிரிப்பு அடங்கியது. பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள்.

"மேடம், எனக்கு இன்னும் கேக்கல."

அவளுக்குப் பக்கத்தில் ஒருவன் எழுந்தான். அந்தப் பக்கம் இன்னும் இரண்டு பேர்.

ஹெப்சிபா பொன்னாடையை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார்.

"வாங்க, வார்டுக்குப் போவோம்."